ஜினீவாவின் சந்தாக் கணக்கு

நம் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு இரண்டு ஆண்டுகளாக நம் தலையில் இருக்கிறது. பகலெல்லாம் ரயில்வேக் கணக்கு எழுதிவிட்டு இரவில் சந்தாப் புத்தகத்தைப் பிரிக்கும் நமக்கு, எதைக் கண்டாலும் 'இதற்குப் பணம் கொடுப்பவர் யார்?' என்ற கேள்வியே முதலில் எழுகிறது. மூன்று மாதச் சந்தா பாக்கி என்பதற்காகச் சென்ற ஆண்டு ஏழு அங்கத்தினர்களின் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்த கையும் நம் கைதான். அதைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

ஜினீவா நகரத்தருகே ஐரோப்பிய அணு ஆராய்ச்சி ஸ்தாபனம் இருக்கிறது. 'ஸெர்ன்' என்பது அதன் சுருக்கப் பெயர். அங்கே இரண்டு மீட்டர் உயரத்தில் நம் நடராஜப் பெருமான் ஆடிக்கொண்டிருக்கிறார். இந்திய அரசு 2004-இல் அளித்த சிலை அது. அதன் படத்தை நம் மகள் காட்டினாள். படத்தைக் கண்டவர்கள் பெருமானை வணங்கினார்கள். நாமும் வணங்கினோம், உடனே, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள யந்திரத்தை வைத்து நடத்தும் அந்த ஸ்தாபனத்தின் வரவு செலவைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். சில இரவுகள் அதிலேயே கழிந்தன.

போரில் நொந்துபோன ஐரோப்பாவில் தனியொரு தேசத்தால் இத்தகைய ஆராய்ச்சிக்குச் செலவு செய்ய இயலவில்லை. ஆகவே 12 தேசங்கள் கூடி 1953-இல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1954-இல் அது அமுலுக்கு வந்தது. 2025-இல் அங்கத்தினரின் எண்ணிக்கை 25 ஆயிற்று. ஆண்டுச் செலவு நூறு கோடி சுவிஸ் பிராங்குக்கு மேல். அதை எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. ஒவ்வொரு தேசத்தின் நிகர வருமானத்தையும் மூன்றாண்டுச் சராசரியாக எடுத்து, அதற்கேற்பப் பங்கு விதிக்கிறார்கள். ஜெர்மனியின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பல்கேரியாவின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் ஆட்சிக் குழுவில் ஜெர்மனிக்கும் ஒரு வாக்கு, பல்கேரியாவுக்கும் ஒரு வாக்கு. இந்த ஷரத்தை நாம் இருமுறை படித்தோம். நம் சங்கத்திலே நன்கொடை மிகுதியாகக் கொடுத்தவர் பேச எழுந்தால் கூட்டமே அடங்கிவிடுகிறதல்லவா?

பாக்கி வைத்தவரின் கதை என்ன? நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்திய ஆண்டுக்கும் உரிய தொகை இரண்டையும் சேர்த்துக் கூட்டி, அதற்கும் மேலாகப் பாக்கி ஏறினால்தான் வாக்குரிமை போகும். ஸ்தாபித்தவர்களுள் ஒன்றாகிய யூகோஸ்லாவியா பணமுடையால் 1961-இல் விலகியது. அதன் வாரிசு நாடுகளில் ஒன்றான ஸெர்பியா 2019-இல் அங்கத்தினராயிற்று. ஸ்பெயின் 1969-இல் வெளியேறி 1983-இல் திரும்பி வந்தது. போனவரின் பெயரை அங்கே யாரும் சிவப்பு மையால் அடித்ததாகத் தெரியவில்லை.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எண்ணவேண்டாம். பெரிய யந்திரத்துக்கு 1994-இல் அனுமதி தந்துவிட்டு, 1996-இல் ஜெர்மனி தன் சுமையைக் குறைக்கக் கோரியது. அதன்மேல் எல்லாருடைய பங்கும் குறைக்கப்பட்டது. செலவு மதிப்பீட்டை மீறிவிட்டது என்று 2001-இல் வெளிப்பட்டது. வேறு ஆராய்ச்சிகளைச் சுருக்கினார்கள். 2002-இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கியில் 30 கோடி யூரோ கடனும் வாங்கினார்கள். பொங்கல் விழாப் பந்தலுக்கு மதிப்பீடு போட்டவர்களுக்கு இது புதிதன்று. மின்சாரம் விலையேறும் குளிர்காலத்தில் யந்திரங்களை நிறுத்திவைப்பதும் அங்கே வழக்கம். 2022-இல் இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்தினார்கள்.

நம்மைப் பிடித்து நிறுத்தியது வேறொரு செய்தி. 1996-இல் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அந்த யந்திரத்துக்கு நம் பங்கு பெரும்பாலும் பண்டமாகவே போயிற்று. வண்டி தடம் புரண்டால் தூக்கி நிறுத்தும் ஜாக்கியை ரயில்வேக் குடும்பத்தார் அறிவீர்கள். அங்கே காந்தம் ஒன்று 15 மீட்டர் நீளம், ஏறக்குறைய 35 டன் எடை. அத்தகைய காந்தங்களை மயிரிழை பிசகாமல் நிறுத்திவைக்கும் 7,080 ஜாக்கிகள் இந்தூரில் வடிவமைக்கப்பட்டு, இந்தியாவிலேயே செய்யப்பட்டுக் கப்பலேறின. அவற்றைத் தானமென்று கொள்ளாமல், அங்கே செய்திருந்தால் என்ன விலையாகியிருக்குமோ அதையே மதிப்பாகக் கொண்டு கணக்கில் வரவு வைத்தார்கள். அம்மதிப்பில் பாதியை 'இந்திய நிதி' என்று தனியே ஒதுக்கினார்கள். நம் விஞ்ஞானிகள் அங்கே சென்று தங்கி உழைக்க அந்நிதி பயன்பட்டது. 2017-இல் இந்தியா இணை அங்கத்தினராகவும் ஆயிற்று.

இதைப் படித்த இரவில் நமக்குத் தூக்கம் வரவில்லை. நாம் அடித்த ஏழு பெயர்களில் மூன்றாவது பெயர், வண்டிப் பட்டறையில் மரவேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருடையது. நம் நூலகத்தில் நிற்கும் இரண்டு புத்தக அலமாரிகளும் அவர் தம் மரத்தில் தம் கையால் செய்து, கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தவை. அன்று கைதட்டினோம், கணக்கில் ஒரு வரியும் எழுதவில்லை. பின்பு மனைவியாரின் வைத்தியச் செலவில் சந்தா நின்றபோது, மாதம் நூறு ரூபாய் கொடாதவர் என்று அடித்துவிட்டோம். அதன்பின் அவர் விழாக்களுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் கேட்கவில்லை.

நிர்வாகக் குழுவில் விஷயத்தை எடுத்துரைத்தோம். வாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. "ஜினீவாவும் நாமும் ஒன்றா?" என்று ஒருவர் சிரித்தார். முடிவில், இரண்டாண்டுப் பாக்கி வரை பெயரை நீக்குவதில்லை என்றும், பண்டமாகக் கொடுத்ததை மதிப்பிட்டு வரவு வைப்பது என்றும் தீர்மானமாயிற்று. வருமானத்துக்கேற்பச் சந்தா விதிக்கும் யோசனை மட்டும் தோற்றது. தத்தம் சம்பளத்தை வெளியிட ஒருவரும் இசையவில்லை.

மரச்சாமான் கடையொன்றில் விலை விசாரித்து, 'தேக்கு அலமாரி இரண்டு, ரூ. 18,000' என்று ரசீது எழுதி எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"தேக்குன்னு எழுதியிருக்கீங்களே சார், அது மாம்பலகை. எட்டாயிரம் போட்டாலே ஜாஸ்தி" என்றார்.

தேக்கு என்பதை அடித்து, மா என்று எழுதி, தொகையையும் திருத்திப் பக்கத்தில் கையொப்பம் இட்டோம். உள்ளிருந்து அம்மையார் காபி கொண்டுவந்தார்.