வல்லத்தில் கட்டிய வள்ளம்

ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையை எங்கள் தொழிற்சாலைப் பேருந்து காலை ஷிஃப்டுக்காகக் கடக்கும்போது, உடன் வருவோர் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பர். நாங்கள் இருவரும் மட்டும் சன்னலோரம் அமர்ந்து நீரின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று ஏரியின் தோலைச் சுருக்கிக்கொண்டு ஓடும். "கச்சான் இறங்கிடுச்சு காக்கா" என்று எங்களில் இளையவர் சொல்ல, மூத்தவர் தலையசைப்பார். முன் இருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, எந்த ஸ்டாப்பில் கச்சான் என்பவர் இறங்கினார் என்று கேட்டார்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும், ஒரகடத்தில் 2010இலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. இங்கே பூட்டப்படும் வண்டிகளில் ஒரு பகுதி லாரி ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போய்க் கப்பலில் இறங்குகின்றது. கடல் கண்ணுக்குத் தெரியாத ஊரில், கடலுக்குப் போகும் பொருள்களைச் செய்து நாங்கள் பிழைக்கின்றோம். எங்கள் முன்னோரோ கடலிலேயே பிழைத்தவர்கள்.

பிறந்த ஊர் அதிராம்பட்டினம். மரைக்காயர் என்னும் பெயர் மரக்கலத்திலிருந்து வந்தது என்று கூறுவோர் உண்டு. எங்கள் பாட்டனாரிடம் இருந்த மரக்கலம் ஒரு வத்தை. பாக் நீரிணைக் கரையோரத்துக்கே உரிய பாய்ப்படகு அது. அதன் குறுக்கே நீண்ட பலகை ஒன்று கிடக்கும். காற்று ஒரு பக்கமாக அழுத்திப் படகு சாயும்போது, காற்று வரும் பக்கத்துப் பலகை நுனியில் ஆட்கள் போய் அமர்ந்துகொள்வர். அவர்களுடைய உடல் எடையே படகை நிமிர்த்தும். சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகையையும் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தப் பலகையின் நுனிக்கு எட்டு வயதிலும் பதினோரு வயதிலும் அனுப்பப்பட்ட பாரம் நாங்கள். காலுக்குக் கீழே தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும். பாட்டனார் சுக்கானைப் பிடித்தபடி, "இன்னும் வெளியே போ" என்பார். அச்சமும் இன்பமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பலகையிலிருந்து நாங்கள் இன்றுவரை முழுவதுமாக இறங்கவில்லை.

அந்த வத்தை புயலில் போகவில்லை. வலை வாங்குவதற்காகப் பாட்டனார் வட்டிக்குக் கடன் வாங்கினார். இரண்டு பருவம் மீன்பாடு இல்லை. அசலைக் காட்டிலும் வட்டி உயர்ந்தது. ஒரு நாள் கடன் கொடுத்தவரின் ஆட்கள் வந்து பாயைக்கூட அவிழ்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதன் பின் பாட்டனார் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பள்ளிவாசலுக்கும் சுற்றுவழியில்தான் போவார். "கடல்ல போன படகைவிட வட்டியில போன படகுதான் அதிகம்" என்பது எங்கள் வாப்பா அடிக்கடி சொல்லும் வாக்கியம். அவர் கடலைத் தொடாமல் மலேசியா சென்று கடையில் நின்று சம்பாதித்து, எங்களைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். படகு என்ற சொல்லை அவர் முன்னால் நாங்கள் எடுத்ததில்லை.

வேலை தேடிச் சென்னை வந்த நாள்களில் துறைமுகத்துக்குள் வெள்ளைப் பாய்களைக் கண்டோம். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் அங்கே இருக்கின்றது. எங்களைப் போன்றவர்கள் உறுப்பினராகும் இடமன்று அது என்று எண்ணித் தயங்கி நின்றோம். பழகிய பொறியாளர் ஒருவர் தம் சிறு படகுக்குத் துணையாள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துக்கொண்டார். அங்கே பத்து வயதுப் பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் என்னும் தொட்டி போன்ற படகில் தனியே போவதைப் பார்த்து வாய் பிளந்தோம். 1947இல் அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்காக வரைந்த படகு அது, நீளம் 2.3 மீட்டர்தான். பிறகு லேசர். ஒருவர் ஓட்டும் நாலேகால் மீட்டர்ப் படகு. பாதத்தைப் பட்டையில் மாட்டிக்கொண்டு உடலை வெளியே சாய்க்க வேண்டும். முதல் நாளிலேயே நான்கு முறை கவிழ்ந்தோம். ஆனால் வெளியே சாயும் அந்த வேலை எங்களுக்குப் புதிதன்று. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் பாய்ப்படகில் களமிறங்கினார். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அதே போட்டியில் கணபதியும் வருண் தக்கரும் 49இஆர் படகின் விளிம்பில் கம்பியில் தொங்கிக்கொண்டு பாய்ந்ததைக் கைப்பேசியில் கண்டபோது, எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது பாட்டனாரின் பலகைதான்.

சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்ற ஆசை அதன்பின் அடங்க மறுத்தது. சம்பளக் கணக்கு இருப்பதால் தனிநபர்க் கடன் தருவதாக வாரந்தோறும் தொலைபேசி வரும். ஒரு கையெழுத்துப் போதும். ஒரு முறை எங்களில் மூத்தவர் படிவத்தை நிரப்பியும் விட்டார். இரவு முழுவதும் மேசைமேல் கிடந்தது. வட்டி கொடுப்பதும் ஹராம் என்பது அறியாத செய்தியன்று; ஆயினும் அந்த இரவில் எங்களைத் தடுத்தது மார்க்க அறிவா, பாயோடு ஓட்டிச் செல்லப்பட்ட வத்தையா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. காலையில் படிவத்தைக் கிழித்தோம்.

சேமித்து வாங்கலாம் என்றால் வேறொரு ஐயம். பொழுதுபோக்குக்குப் படகு வாங்குவது வீண்விரயம் ஆகாதா? ஜும்ஆவுக்குப் பின் ஹஜ்ரத்திடம் கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. ஸகாத் கொடுத்தாயிற்றா, யாருக்கேனும் கடன்பட்டிருக்கிறீர்களா, வாப்பாவின் கண் அறுவைக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அந்த ஆண்டுச் சேமிப்பு கண்ணுக்குப் போனது. அடுத்த ஆண்டுச் சேமிப்பு தங்கையின் வீட்டுக் கூரைக்கு. படகு இரண்டு ஆண்டுகள் பின்னால் போயிற்று. அப்போது மனம் கசந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இறுதியில் வாங்கவில்லை, கட்டினோம். எங்களில் இளையவருக்கு வேலை, பேருந்துகளுக்கான ஃபைபர் பாகங்களை வார்க்கும் பட்டறையில். 2004 சுனாமிக்குப் பின் நம் கரையெங்கும் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தது இதே ஃபைபர்தான். ஒரகடத்தை அடுத்த வல்லத்தில் நண்பர் ஒருவர் காலிக் கொட்டகை கொடுத்தார். வல்லத்தில் வள்ளம் கட்டுகிறார்கள் என்று ஊரே கேலி பேசிற்று. ஒட்டுப்பலகையில் பதினான்கு அடி அச்சு செய்து, மெழுகு பூசி, முதலில் ஜெல்கோட், பிறகு கண்ணாடி இழைப் பாய், அதன்மேல் ரெசின். கடினமாக்கியைக் கலந்துவிட்டால் ரெசின் யாருக்காகவும் காத்திராது. சிறிது நேரத்தில் இறுகிவிடும். அதற்குள் உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். ஈரக்காற்றில் சரியாக இறுகாது என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் கை வைக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து, ஃபஜ்ர் தொழுதுவிட்டு, உறங்காமல் இழை ஒட்டிய நாள்கள் பல. பாதி பாதிப் பங்கு. ஒரு ரூபாயும் கடன் இல்லை.

சித்திரையில் லாரி ஏற்றி அதிராம்பட்டினம் கொண்டுபோனோம். பிஸ்மில்லாஹ் சொல்லி இறக்கி, இரண்டு மணி நேரம் ஓடியிருப்போம். காற்று அப்படியே நின்றுவிட்டது. பாய் துணியாகத் தொங்கிற்று. குர்ஆனில் அஷ்ஷூரா அத்தியாயம் கடலில் அசைவற்று நிற்கும் கப்பல்களைப் பேசும் இடம் இருவருக்கும் ஒருசேர நினைவுக்கு வந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடல்நீரில் ஒளூச் செய்து, படகு ஆடியதால் உட்கார்ந்தபடியே அஸர் தொழுதோம். மாலையில் கொண்டல் மெல்ல எழுந்து கரை சேர்த்தது.

கரையில் வாப்பா நின்றிருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அறுவை செய்த கண்ணைச் சுருக்கிப் படகைச் சுற்றி வந்தார். நாங்கள் பேசவில்லை. முழங்கால் அளவு நீரில் இறங்கி, பாய்க் கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"யாருடா கட்டுனது இதை? எங்க வாப்பா பார்த்திருந்தா அடிச்சிருப்பாங்க" என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்துத் தாமே புதிதாகக் கட்டினார்.