கருந்துளைகளும் கருதலளவையும்

பொருள்களை அறிதற்குக் காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பது சைவசித்தாந்திகள் துணிபு. அவற்றுட் கருதலளவையாவது, காணப்பட்டதொன்றைக் கொண்டு காணப்படாததனை உணர்தல். புகை கண்டு நெருப்புணர்தல் போல. இக்காலத்து வானநூலார் இவ்வளவையை எத்துணைத் தூரஞ் செலுத்தினர் என்பது சைவ நன்மக்கள் ஆராய்தற்குரியது.

ஒளியும் வெளிப்போதரவியலாத பேரீர்ப்புடைய பொருளைக் கருந்துளை என்ப. அத்தகைய இரண்டு ஒன்றையொன்று சுற்றி ஒன்றாங்கால் வெளியும் காலமுமே அலைவுறும் என்பது, ஐன்ஸ்டைன் 1915-இல் முடித்த கொள்கையினின்று பெறப்படும். அவ்வலையின் வடிவறியச் சமன்பாடுகளைத் தீர்த்தல் வேண்டும். அது கையாற் கணிக்கலாவதன்று. 1964-இல் ஹானும் லிண்ட்குவிஸ்டும் கணினி கொண்டு முயன்றனர். பின்னர் நேர்மோதல் ஒருவாறு கணிக்கப்படினும், சுற்றிவந்து கூடுங் கணக்கு நெடுங்காலம் இடைமுறிந்தே நின்றது. 2005-இல் பிரான்ஸ் பிரிட்டோரியஸ் என்பார் அதனை முதன்முதல் நிறைவேற்றினார். அவர் கருந்துளையின் உள்ளிடத்தைக் கணக்கினின்று நீக்கிவிட்டார். அஃதெங்ஙனம் பொருந்துமெனின், உள்ளிருந்து யாதும் புறம்போதாமையின், அதனை நீக்குதலாற் புறத்துக் கணக்குப் பிழைபடாதென்க.

2015 செப்டம்பர் 14-இல் அமெரிக்க நாட்டு லிவிங்ஸ்டன், ஹான்போர்டு என்னும் ஈரிடத்து லைகோ கருவிகளும், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 7 கூறு இடைவிட்டு, ஓரலையை உணர்ந்தன. 4 கிலோமீட்டர் நீண்ட அக்கருவிகளில் நேர்ந்த மாறுதல் ஓரணுக்கருவினும் மிகச் சிறிது. கணித்த வடிவோடு அவ்வலை ஒத்தது. சூரியனினும் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் பொருண்மையுடைய இரண்டு கூடி 62 மடங்கினதாயிற்று. எஞ்சிய 3 மடங்கு அலையாற்றலாய்ச் சென்றது. அந்நிகழ்ச்சி ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவினது.

இது கேட்ட அன்பருட் சிலர், "கருந்துளையே சங்காரம், அவ்வலையே நாதம், நம் நூற்பொருள் இன்று மெய்யாயிற்று" என்பாராயின், அது பொருந்தாது. என்னை? கருந்துளை மாயையின் காரியமாகிய சடம். சங்காரமோ, உயிர்களின் இளைப்பொழித்தற்பொருட்டுக் காரியத்தைக் காரணத்தில் ஒடுக்கும் முதல்வன் செயல். நாத தத்துவஞ் சுத்தமாயையில் தோன்றுவது. பூதவெளியின் அசைவு அதுவாகாது. சடத்தை முதல்வன் செயலோடு ஒன்றெனக் கூறுதல், போற்றுதல் போன்று உலகாயதர்க்குத் துணைபோதலேயாம். அன்றியும், இன்று ஒரு கணக்கைப் பற்றுக்கோடாகக் கொண்ட சமயம், நாளை அக்கணக்குத் திருத்தப்படுமாயின் நிலைகுலையும். உரையளவையால் நிறுவப்பட்ட பொருளுக்கு இவ்வூன்றுகோல் வேண்டற்பாலதன்று.

அற்றேல், இதனாற் பயனில்லையோவெனின், உண்டு. 3 மடங்கு பொருண்மை இன்மையாகாது வேறு வடிவெய்தியது. இது சற்காரியவாதத்தை மாணவர்க்கு விளக்குதற்கு உவமையாகலாம், சான்றாகாது. அதனினும் சிறந்தது மற்றொன்று: அவ்வறிஞர் தமக்கெட்டாத உள்ளிடத்தை எட்டியதாகப் புனையாது, எல்லை குறித்து, அதன் புறத்தே மெய்ம்மையாகக் கணித்தனர், கணித்ததனைக் காட்சியோடு ஒத்துநோக்கும் வரை ஐம்பதாண்டு பொறுத்திருந்தனர். பாசஞானம் தன்னெல்லையில் நின்று செய்யத்தக்க நற்செயல் இதுவே. கருவியறிவின் எல்லையை உள்ளவாறு கண்டாரே அருளறிவின் அருமையை உணர்தற்குரியர்.

திருச்சிற்றம்பலம்.