மார்த்தாண்டம் போகாதவர்

பாட்டாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சடித்தோம். எழுதியது நான். அதில் ஒரு வரி பொய். தெரியாமல் நேர்ந்த பிழை என்றால் இப்போது இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தெரிந்தேதான் எழுதினேன். "1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்தில் துப்பாக்கிக்கு நெஞ்சு காட்டியவர்களில் ஒருவர்."

பாட்டாவின் ஊர் பாறசாலைப் பக்கம். இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரை நடுவில் இந்த எல்லை கிடையாது, இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சிதான். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அந்த ஆகஸ்ட் 11-ஐ விடுதலை தினம் என்று அறிவித்தார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். இதற்காக முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளையை ராஜினாமா செய்யச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியா. இரண்டு வருடம் கழித்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. கேட்டதில் நெய்யாற்றின்கரை தாலுகாவும் உண்டு. அது வரவில்லை. பாறசாலை நெய்யாற்றின்கரையில் சேர்த்தி. பாட்டா கேரளத்துக்காரர் ஆனார்.

இந்தக் கதை முழுக்க எனக்குச் சொன்னவரே பாட்டாதான். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது சாயங்காலம் திண்ணையில் மரச்சீனி தோல் சீவிக்கொண்டே சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், நீங்க போனீங்களா பாட்டா?

"நான் போவல்ல மக்களே. பேடிச்சுப் போச்சு. சர்க்கார் ஜோலி கிடைச்சு வருஷம் ஒண்ணுதான் ஆச்சு. அது போனா வீட்டுல அடுப்பு எரியாது."

பாட்டாவின் ஜோலி வாத்தியார் வேலை. அன்று புதன்கிழமை, பள்ளிக்கூடம் உண்டு. மத்தியானத்துக்கு மேல் சேதி வந்ததும் பிள்ளைகளை வெளியே விடாமல் வகுப்பிலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறார். இருட்டும் வரை யாரும் தேடி வராத பிள்ளைகளை அவரே வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதைக்கூடப் பெருமையாகச் சொல்லவிடமாட்டார். "நான் வெளிய எறங்காம இருக்கதுக்குப் பிள்ளைகள் ஒரு சாக்கு, அவ்வளவுதான்" என்று சிரிப்பார்.

மலர் எழுத உட்கார்ந்தபோது இது போதவில்லை எனக்கு. தமிழ் டிவிஷனில் வாத்தியாராக இருந்தார், 1987-ல் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார், பேரப்பிள்ளைகளுக்குப் பனையோலையில் காற்றாடி செய்து கொடுத்தார். இதை அச்சடித்து ஊருக்குக் கொடுக்கவா? சென்னையிலிருந்து என் அலுவலகத்துக்காரர்கள் வேறு வருகிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் மனு எழுதியதுதான். வீடு களியக்காவிளையிலும் விளை பாறசாலையிலுமாக இருப்பவர்கள், அங்கே பிறந்து இங்கே கட்டிக்கொடுத்த பெண்கள், தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பின்னால் என்று சான்றிதழும் ரேஷன் கார்டும் ஒத்துப்போகாதவர்கள். காலையில் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று எழுதிக் கொடுப்பார். சிலரோடு வில்லேஜ் ஆபீசுக்கும் நடப்பார். காசு வாங்கமாட்டார், வாழைக்குலை கொடுத்தால் மறுக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைவிட இந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான் அடியந்திரத்துக்கு அதிகம் வந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி மலரில் ஒரு வார்த்தை இல்லை.

மலரை மேடையில் நானே வாசித்தேன். முன்வரிசையில் பாட்டாவின் கூட்டுக்காரர், பக்கத்து விளைக்காரர், எண்பது தாண்டியவர். மார்த்தாண்டத்துக்கு உண்மையாகவே போனவர் அவர். அன்று போலீஸ் அடித்த அடியில் ஒரு கால் அதன்பிறகு நேராகவில்லை. அந்த வரியை வாசித்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனை மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் பார்ப்பாரே, அப்படி. கைதட்டல் வந்தது. இலை போட்டபோது அவரைக் காணவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான் உடனே போகவில்லை. வயசானவர், உடம்புக்கு ஏதோ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோதுதான் போனேன். உட்காரச் சொன்னார். கட்டன் சாயா வந்தது. பாட்டாவைப் பெரிதாக்க நினைத்து எழுதிவிட்டேன் என்று இழுத்தேன்.

அவர் காலை நீட்டி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அம்பத்தாறுக்குப் பொறவு இங்க ஒருத்தன் பாக்கி இல்லாம எல்லாவனும் மார்த்தாண்டத்துக்குப் போனவன்தான். கேட்டா நானும் நின்னேன், நானும் ஓடினேன்னு சொல்லுவான். உங்க பாட்டா மட்டும் ஒருநாளும் சொன்னதில்ல. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வந்தாரு. வந்து, 'தம்பி, எனக்குப் பேடியாப் போச்சு'ன்னாரு. சம்பளத்துல பாதிய எங்க அம்மைக்கு மாசாமாசம் கொடுத்தாரு. அன்னையிலேர்ந்துதான் அவரு எனக்கு அண்ணன்."

எனக்குத் தெரியாத பாட்டா அங்கே இருந்தார். இருபத்திரண்டு வயது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தன் பயத்தைச் சொல்லும் பாட்டா. வேறு என்ன செய்தார், எத்தனை மாதம் கொடுத்தார், இரண்டு பேரும் என்ன பேசுவீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நோட்டைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். "மிச்சத்த நீயே எழுதிக்கிட மாட்டியா மக்களே?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

பொய்யும் சும்மா இருக்கவில்லை. நவம்பர் 1 இணைப்பு விழாவுக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் மலர் போடுகிறவர்கள் என் வரியை எடுத்து, போராளிகள் பட்டியலில் பாட்டாவின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இணைப்புப் போராட்டத்தில் நின்ற எல்லைக் காவலர்களின் வாரிசுகளுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை கொடுக்கிறதே, விண்ணப்பித்தால் என்ன என்று சித்தப்பா கேட்டார். பதறிப்போய் விழாக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன்: என் தாத்தா போராட்டத்துக்குப் போகவில்லை, அதை அவரே சொல்லியிருக்கிறார், பெயரை நீக்கிவிடுங்கள். பெருந்தன்மை என்று பாராட்டிப் பதில் போட்டார்கள்.

அடுத்த வருட மலரிலும் பெயர் இருந்தது, இந்த முறை போட்டோவோடு. போட்டோ யார் கொடுத்தது என்று விசாரித்தேன். அம்மா.