அந்தத் தவறு தம்பியுடையது அல்ல

ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டும் படங்கள் தெளிவில்லாமல் போயின. அதற்கு, தம்பி என்று நான் அழைக்கும் என் உதவியாளர்தான் காரணம் என்று முடிவு கட்டி, பெண் வீட்டார் முன்னிலையிலேயே அவனைத் திட்டினேன். அன்றைய கூலியிலும் பாதியைப் பிடித்துக்கொண்டேன். பழுது நான் வாங்கி மாட்டிய அடாப்டரில் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. திட்டியதைவிட அந்த மௌனம்தான் பெரிய குற்றம் என்று இன்று உணர்கிறேன்.

ஃபிலிம் காலத்திலிருந்தே என்னிடம் ஒரு நிக்கான் 24 மி.மீ. லென்ஸ் உண்டு. கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ். சோனி ஏ7 பாடிக்கு மாறியபோதும் அதை விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டையும் பொருத்த அடாப்டர் தேவைப்பட்டது. கடைக்காரர் நல்லது ஒன்றைக் காட்டி விலை சொன்னார். உள்ளே கண்ணாடிகூடக் கிடையாது, வெறும் உலோக வளையம், இதற்கு எதற்கு இவ்வளவு காசு என்று, இருப்பதிலேயே மலிவானதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த அலட்சியத்தில்தான் எல்லாம் தொடங்கியது. லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து சென்சார் வரை எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ.; சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ. இடையில் இருக்கும் 28.5 மில்லிமீட்டரை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. அதைவிடத் தடித்துவிட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸுக்கே வராது. வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவருவார். அதனால் மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் ஒரு மயிரிழை மெலிந்தே வருகின்றன. மெலிந்திருந்தால் இன்ஃபினிட்டி கிடைத்துவிடும், குறை வெளியே தெரியாது. ஆனால் லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் தூர எண்கள் எதையும் நம்ப முடியாது.

நான் அந்த எண்களைத்தான் நம்பினேன். தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி உறவினர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் எடுக்க முடியும். திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்ய நேரமிருக்காது. எனவே தம்பியிடம், "ரெண்டு மீட்டர்ல வச்சு டேப் ஒட்டிடு. அப்புறம் வளையத்தைத் தொடாதே" என்று சொல்லியிருந்தேன். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் அப்பர்ச்சர் 2.8. அவன் சொன்னபடியே செய்தான்.

படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். மணமகனின் விரல்களும் மஞ்சள் கயிறும் மங்கலாக இருந்தன. பின்னால் அட்சதை தூவிக்கொண்டிருந்த பெரியவரின் சட்டைப் பொத்தான்கள் பளிச்சென்று இருந்தன. "அண்ணே, நான் வளையத்தைத் தொடவே இல்லை. டேப் அப்படியே இருக்கு, பாருங்க" என்று கேமராவை நீட்டினான். டேப் அசையவில்லை, கோடு இரண்டு மீட்டரில்தான் நின்றது. கண்ணால் பார்த்த பிறகும், "இப்ப வந்து சரியா ஒட்டியிருப்பே" என்றேன். அவன் அதற்குமேல் பேசவில்லை.

பல மாதங்கள் கழித்து, அதே லென்ஸை வைத்து மொட்டை மாடியில் இரவு வானத்தை எடுத்தேன். வளையத்தை இன்ஃபினிட்டி முனைக்குத் தள்ளினால் நட்சத்திரங்கள் ஊதிப்போயிருந்தன. கொஞ்சம் பின்னால் திருப்பியதும் புள்ளிகளாயின. லேத் பட்டறைக்கு அடாப்டரைக் கொண்டுபோய் வெர்னியர் வைத்துப் பார்த்தோம். 28.4 மி.மீ. பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு.

அது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டேன். 24 மி.மீ. லென்ஸ் இன்ஃபினிட்டியிலிருந்து 2 மீட்டருக்கு வர, முன்னால் நகர வேண்டியதே ஏறத்தாழ 0.29 மி.மீ.தான். அதில் 0.1 மி.மீட்டரை அடாப்டர் விழுங்கிவிட்டால், வளையம் 2 மீட்டர் காட்டும்போது ஃபோகஸ் 3 மீட்டரில் விழும். பெரியவரின் பொத்தான்கள் பளிச்சென்று இருந்ததற்கு விடை கிடைத்தது. அகன்ற கோண லென்ஸில்தான் இந்தக் கேடு அதிகம். இதே அடாப்டரில் 50 மி.மீ. லென்ஸ் இருந்திருந்தால், 2 மீட்டருக்கு வைத்தது 2.2 மீட்டர் அளவுக்குத்தான் தள்ளிப்போயிருக்கும்.

அன்று இரவே தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் அதற்குள் வேறு ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். தொழிலில் மூத்தவன் என்ற பெயர் போய்விடும் என்ற பயம்தான் உண்மையான காரணம்.

திரையைப் பார்த்தோ சென்சார் மூலம் ஆட்டோஃபோகஸிலோ எடுப்பவர்களுக்குத் தடிமன் குறைவதால் ஃபோகஸ் தவறாது. படம் விழும் இடத்திலேயே கேமரா சரிபார்த்துக்கொள்கிறது. நானும் மற்ற நேரங்களில் அப்படித்தான் எடுத்தேன், அதனால்தான் குறை இத்தனை நாள் மறைந்திருந்தது. ஆனால் அடாப்டரின் இரு முகங்களும் இணையாக இல்லாவிட்டால், எப்படி ஃபோகஸ் செய்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் நிலைமை இன்னும் கடினம். பழைய திருகு லென்ஸை எம் மவுண்டில் பொருத்தும் வளையம் 1 மி.மீ. தடிமன்தான். அது பிசகினால், ஃபைண்டரில் உருவங்கள் சரியாக ஒன்றுசேர்ந்தாலும் ஃபிலிமில் ஃபோகஸ் தவறிவிடக்கூடும்.

போன மாதம் தம்பியைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்த கூலியைக் கொடுத்தேன். பெண் வீட்டாருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அவனுக்கு நேர்ந்த அவமானத்தை என்னால் திருப்பி எடுக்க முடியாது.

பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்கு எடுத்துப்போகும் முன், அளவு டேப்பால் 2 மீட்டர் அளந்து ஒரு செய்தித்தாளை நிறுத்தி, வளையத்தையும் 2 மீட்டரில் வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். எழுத்து மங்கினால், திரையைப் பார்த்துத் திருப்பி, எந்த எண்ணில் தெளிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரித்து மாட்டக்கூடிய அடாப்டரானால், லேத் பட்டறையில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்துவிடலாம். உதவியாளர் "நான் தொடவில்லை" என்று சொன்னால், முதலில் அவரை நம்புங்கள். பிறகு கருவியைச் சோதியுங்கள்.