வெற்றிக் காட்சிக்கு முன்னால்

எம் பங்கில் குத்துச்சண்டை பழகும் சிறுவர்களுக்கு அண்மையில் ஒரு மாலை ‘சார்பட்டா பரம்பரை’ படத்தைத் திரையிட்டோம். பா. இரஞ்சித் இயக்கி 2021-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம், 1970-களின் வடசென்னையையும் அதன் குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் காட்டுவது. தம் பகுதியின் கதையாதலால் பிள்ளைகள் ஆரவாரத்தோடு பார்த்தனர்.

முடிவில், “உங்கள் நெஞ்சில் நின்ற காட்சி எது?” என்று வினவினேன். வேம்புலியைக் கபிலன் வீழ்த்தும் காட்சியையே ஏறக்குறைய அனைவரும் கூறினர். ஒரு சிறுவன் மட்டும் தயங்கி எழுந்தான். “அவன் குடிச்சிட்டு வீட்டுக்கு வர்ற இடம், ஃபாதர். எங்கப்பாவும் பாக்சரா இருந்தவருதான்.”

விடாமுயற்சி பற்றி நான் ஆயத்தம் செய்திருந்த சொற்பொழிவு நாவிலேயே நின்றுவிட்டது.

எண்ணிப் பார்த்தால், கபிலன் வீழ்ந்தது களத்தில் அன்று. வெற்றியின் விளிம்பில் நேர்ந்த அவமானமும், சிறையும், சாராயமுமே அவனை வீழ்த்தின. அவன் தானாகவும் எழவில்லை. பீடி ராயப்பன் என்னும் முதியவர் கடற்கரையில் அவனை மீண்டும் பழக்கினார். படத்தில் சில நிமிடங்களில் முடியும் அம்மீட்சிக்கு வாழ்க்கையில் ஆண்டுகள் பல தேவைப்படலாம்.

பெற்றோரே, இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் அவர்களைப் பேசவிடுங்கள். வென்றவனுக்குக் கைதட்ட ஊரே உண்டு. வீழ்ந்தவனைத் தேடிச் செல்லத்தான் ஆளில்லை.

மறுநாள் மாலை அச்சிறுவனின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.