அடியிலிருந்து உரியும் குரோம்

மேக் வீலில் குரோம் உரிவது குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு கொப்புளத்தில் தொடங்குகிறது. பார்த்தால் தெரியாது, தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். சில மாதங்களில் கொப்புளம் வெடித்து, ஓரம் சுருண்டு, வெள்ளித் தகடு போல ஒரு சில்லு எழுந்து நிற்கும். அதன் அடியில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. துடைக்கப்போன துணி அந்தச் சில்லில் மாட்டிக் கிழியும்; அஜாக்கிரதையாக இருந்தால் விரலும் கிழியும். இவ்வளவும் பெரும்பாலும் கம்பெனி சக்கரங்களுக்கு வருவதில்லை. கம்பெனி சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் தேடிப்பிடித்துக் கூடுதல் பணம் கொடுத்து மாட்டிய பளபளப்பான சக்கரத்துக்குத்தான் வருகிறது.

மேக் வீல் என்ற பெயர் மக்னீசியத்திலிருந்து வந்தது. பந்தயக் கார்களுக்கு மக்னீசியக் கலவையில் சக்கரம் வார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட சுருக்கப் பெயர் அது. இன்று தெருவில் ஓடுபவை அலுமினியம். அதிலும் பெரும்பாலானவை சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் சேர்ந்த ஏ356 என்னும் வார்ப்புக் கலவை. குரோம் ஏன் உரிகிறது என்ற கேள்விக்கான பதில் குரோமில் இல்லை, இந்த அலுமினியத்தில் இருக்கிறது.

முலாம் பூசிய பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி பழசாவதில்லை. சிதம்பரத்துக் கவரிங் வளையல் தேயும், கறுக்கும், விளிம்பில் செம்பு எட்டிப் பார்க்கும். பொதுவாகப் பொருக்காக எழாது. பழைய சைக்கிள் ரிம்மில் குரோமுக்கு அடியில் இருந்தது எஃகு. ஆகவே அங்கே செம்பழுப்புத் துருப்புள்ளிகள் வந்தன, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் பாதி மறைந்தன. அலுமினியம் செம்பைப் போலவும் நடக்காது, எஃகைப் போலவும் நடக்காது. அரிக்கும்போது அது உருவாக்கும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். மேலே மூடிய தகடு விலகி வழி விடாவிட்டால், பொடி அதை நெம்பித் தூக்கிவிடுகிறது.

அலுமினியத்தின் மேல் முலாம் நிற்க வைப்பதே கடினம். காற்றுப் பட்ட கணத்தில் அதன் மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகிவிடும். அலுமினியப் பாத்திரத்தை அரிபடாமல் காப்பது அந்தப் படலம்தான். முலாமை ஒட்டவிடாமல் தடுப்பதும் அதுதான். எனவே முலாம் பட்டறையில் சக்கரத்தைப் பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, காரத்தில் அரித்து, பிறகு துத்தநாகக் கரைசலில் முக்குகிறார்கள். ஆக்சைடு கரைந்து, அந்த இடத்தில் மெல்லிய துத்தநாகப் படிவு உட்காரும். அக்கறையுள்ள பட்டறைகள் அந்தப் படிவை ஒருமுறை கரைத்துவிட்டு, இரண்டாம் முறை முக்கும். இந்த வேலையில் அவசரப்பட்டால் அடுத்த அடுக்குகளை எவ்வளவு சிரத்தையாகப் போட்டாலும் பயனில்லை. விலை குறைந்த சக்கரங்களில் சுருக்கப்படுவது பெரும்பாலும் இந்த வேலைதான்; கடையில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

துத்தநாகத்தின் மேல் செம்பு, செம்பின் மேல் நிக்கல், கடைசியில் குரோம். செம்பு பள்ளங்களை நிரப்பும்; அதைத் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். நிக்கல் பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் வரை ஏறும். குரோமோ கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, குரோம் சக்கரம் என்று விற்பது உண்மையில் நிக்கல் சக்கரம். குரோமின் வேலை நிக்கலை மங்காமல் காப்பதும், அதன் மஞ்சள் சாயலை நீலச் சாயலுக்கு மாற்றுவதும்தான். 1920-களின் நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்ற மின்வேதியியலாளரும் அவருடைய மாணவர் சார்ல்ஸ் எல்ட்ரிட்ஜும் நம்பகமான குரோம் தொட்டியை உருவாக்கும்வரை, கார்களின் அலங்கார உறுப்புகளுக்கு நிக்கல்தான் போட்டார்கள். அதை ஓயாமல் பாலிஷ் செய்ய வேண்டியிருந்தது.

குரோம் அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. அவற்றின் வழியே உப்பு ஈரம் நிக்கலைத் தொடும். குரோம் அரிக்காது, நிக்கல் மெதுவாக அரிக்கும். நல்ல வேலையில் நிக்கலையே இரண்டு விதமாகப் போடுவார்கள்: கீழே கந்தகமில்லாத அரைப்பளபளப்பு நிக்கல், மேலே கந்தகம் கலந்த முழுப்பளபளப்பு நிக்கல். மேல் நிக்கல் சீக்கிரம் அரிக்கக்கூடியது என்பதால் குழி கீழ்நோக்கி இறங்காமல் பக்கவாட்டில் பரவும். அலுமினியத்தை எட்டுவதற்குப் பல வருடங்கள் தள்ளிப்போகும். மேல் அடுக்கைப் பலிகொடுத்து அடியைக் காக்கும் இந்த ஏற்பாடு முலாம் தொழிலின் அழகான யோசனைகளில் ஒன்று. ஒரே அடுக்கு நிக்கலில் அந்தத் தடுப்பு கிடையாது. குழி நேரே இறங்கி அலுமினியத்தைத் தொட்டுவிட்டால் சக்கரம் ஒரு மின்கலமாகிறது. மேலே கைப்பிடி அகலத்துக்கு நிக்கல், கீழே ஊசிமுனை அளவு அலுமினியம். பெரிய பரப்பின் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சின்னப் புள்ளியில் குவிந்து, அதை வேகமாகக் கரைக்கிறது.

உள்ளே நுழைய ஈரத்துக்கு வாசல்கள் பல. சரளைக்கல் தெறித்த வடு முதலாவது. ரிம் விளிம்பில் சுத்தியலால் தட்டி மாட்டும் பேலன்சிங் வெயிட் அதைவிட மோசம். கொக்கி பதியும் இடத்தில் முலாம் நசுங்கி, அதன் அடியில் ஈரம் தங்கிவிடும். உள்பக்கம் ஒட்டும் வெயிட் கேட்டால் எந்த டயர் கடையிலும் தருவார்கள், பலரும் கேட்பதில்லை. டயரைக் கழற்றும் லிவர் சறுக்கிய கீறல் இன்னொன்று. இவை தவிர, பிறவியிலேயே மெலிந்த இடங்களும் உண்டு. மின்முலாம் முனைகளில் கனமாகவும் குழிவான மூலைகளில் மெல்லியதாகவும் படியும். ஸ்போக் நடுவட்டத்தோடு சேரும் இடுக்கு, நட்டு உட்காரும் பள்ளம், ரிம்மின் உள்பக்கம் ஆகியவை மெலிந்தே இருக்கும். பிரேக் தூள் போய்த் தங்குவதும் அதே இடங்களில்தான்.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு இந்தச் சக்கரங்களைத் தின்கிறது. சென்னையில் அந்த வேலையைக் கடற்காற்று செய்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வெளியில் நிறுத்தும் வண்டிக்கும் கோயம்புத்தூரில் ஓடும் வண்டிக்கும் ஒரே சக்கரத்தைப் போட்டால், முதலில் கொப்புளம் எழுவது எதில் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடலைவிட விரைவாகக் கெடுப்பது வாட்டர் சர்வீஸ் கடையில் அடிக்கும் அமிலக் கலவைதான். பிரேக் தூளின் கறுப்பை ஒரு நிமிடத்தில் கரைக்கும் திரவம் பெரும்பாலும் அமிலம். அது நிக்கலையும் அரிக்கும், விரிசல் கிடைத்தால் அலுமினியத்தையும் தேடிப் போகும். முலாமைச் சோதிக்கும் ஆய்வகங்களின் முறையும் கிட்டத்தட்ட இதுதான்: காஸ் சோதனை எனப்படும் அதில் 5 சதவீத உப்புக் கரைசலில் அசெட்டிக் அமிலமும் தாமிரக் குளோரைடும் கலந்து, சுமார் 49 டிகிரி வெப்பத்தில் மூட்டமாகத் தெளிப்பார்கள். வாரம் ஒருமுறை அமிலம் போட்டுக் கழுவும் சக்கரத்துக்கு அதே சோதனை தவணை முறையில் நடக்கிறது.

உரிவதெல்லாம் உலோகக் குரோம் அல்ல. சில சக்கரங்களில் அலுமினியத்தின் மேல் குரோம் பூசிய பிளாஸ்டிக் முகம் ஒட்டப்பட்டிருக்கும். தட்டினால் உலோகச் சத்தம் வராது, உரியும்போது முகமே பெயர்ந்து வரும். சிலவற்றில் பெயின்ட் அடுக்குகளுக்கு நடுவே வெற்றிட அறையில் படியவைத்த மிக மெல்லிய உலோகப் படலம் இருக்கும். அது நெகிழ்ந்த தோல் போல உரியும், கையைக் கிழிக்காது. டைமண்ட் கட் என்று விற்பதில் குரோமே கிடையாது. கடைந்த அலுமினியத்தின் மேல் கிளியர் கோட் மட்டும். அதன் அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் ஓடும். எது உரிகிறது என்று பார்க்காமல் வைத்தியம் தொடங்கினால் காசும் போகும், சக்கரமும் போகும்.

அழகு கெட்டது பெரிய விஷயமல்ல. டயர் ரிம்மோடு பொருந்தும் பட்டையில் குரோம் எழும்போதுதான் உண்மையான தொல்லை. டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது அந்தப் பட்டை ஒன்றே. அங்கே பொருக்குக் கிளம்பினால் காற்று மெதுவாக இறங்கும். வாரத்துக்கு ஐந்தாறு பவுண்டு. பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்கள், ஆணி எதுவும் இருக்காது, வால்வை மாற்றுவார்கள், மறுவாரம் மறுபடி இறங்கும். சக்கரத்தைப் படுக்க வைத்து ரிம்-டயர் சேர்க்கை நெடுகச் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் பொடிக் குமிழிகள் வரிசையாக எழுந்து விஷயத்தைச் சொல்லிவிடும். டயரைக் கழற்றி, பட்டையில் எழுந்த குரோமைக் கம்பி பிரஷால் உறுதியான ஓரம் வரும்வரை நீக்கி, பீட் சீலர் தடவி மாட்டினால் ஒரு வருடம் போல ஓடும். அலுமினியத்தில் ஆழமான குழி விழுந்திருந்தால் அதுவும் நிற்காது. காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடியது என்பதால், இந்த ஒரு இடத்து உரிதலை நாள் கடத்தக் கூடாது.

நட்டு உட்காரும் பள்ளமும் அப்படிப்பட்டதே. நட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பொருக்கு இருக்கும்போது இறுக்கினால், இறுக்கம் பொருக்கின் மேல்தான் விழுகிறது. ஓட்டத்தில் அது நொறுங்க, நட்டு தளரும். பள்ளத்தையும் ஹப்போடு ஒட்டும் பின்முகத்தையும் சுத்தமாக்கி, டார்க் ரெஞ்ச் கொண்டு கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

முகத்தில் மட்டும் உரிந்தால் வழிகள் சில உண்டு, எதுவும் மலிவானதல்ல. உரிந்த இடத்தில் மட்டும் குரோமை ஒட்டுப்போட முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். குரோம் ஸ்ப்ரே என்று புட்டியில் வருவது வெறும் வெள்ளிப் பெயின்ட். எழுந்த ஓரங்களைத் தேய்த்துச் சரிவாக்கி, எட்ச் பிரைமர் கொடுத்து, மொத்தமாகப் பெயின்ட் அடிப்பது ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குத் தாங்கும். அதற்குமேல் தாங்காததற்குக் காரணம், மீதியிருக்கும் குரோம் அடியிலிருந்து எழுந்துகொண்டே இருப்பதுதான். தேய்க்கும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். நிக்கல் தூள் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. குரோம் மிகக் கடினமான உலோகம் என்பதால் மணல் வீச்சால் அதை முழுவதும் எடுக்கப் பார்ப்பதும் சரியல்ல. குரோம் போவதற்குள் பக்கத்து அலுமினியம் தேய்ந்துவிடும்.

நிலைத்த தீர்வு, முலாம் பட்டறையில் அமிலத் தொட்டியில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு எல்லா அடுக்கையும் கழற்றி, பிறகு பவுடர் கோட்டிங் செய்வது. வார்ப்பில் நுண்துளைகள் உண்டு. அமிலமும் காற்றும் அங்கே ஒளிந்திருக்கும். பவுடர் போடுமுன் ஒருமுறை அடுப்பில் சுட்டு அவற்றை வெளியேற்றாவிட்டால் பூச்சில் ஊசித்துளைகள் விழும். அடுப்பின் சூட்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வார்த்த சக்கரத்துக்கு வலு சேர்த்ததே 150 முதல் 170 டிகிரியில் செய்த வெப்பப் பதம்தான். 200 டிகிரியில் இருபது நிமிடம் பாதகமில்லை. அதற்கு மேல் சூட்டையோ நேரத்தையோ கூட்டினால் பதம் இறங்கிச் சக்கரம் மென்மையாகும். குழி ஆழமாகி வெல்டிங் வைத்து நிரப்பும் நிலைக்குப் போன சக்கரத்தை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

மறுபடி குரோமே வேண்டும் என்பவர்களுக்குச் செய்துதரும் பட்டறைகள் குறைந்து வருகின்றன. பழைய முறைத் தொட்டியில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதியின்றி அதைப் பயன்படுத்த முடியாது. குரோம் சக்கர மோகத்தின் தாய்வீடான கலிபோர்னியாவும் அலங்கார முலாமில் அதை ஒழிக்க 2023-இல் விதி இயற்றியது. தமிழ்நாட்டுக்கு இந்த நஞ்சு புதிதல்ல. ராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்காகக் குரோமேட் தயாரித்து, 1990-களில் மூடப்பட்ட ஓர் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேடு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் மஞ்சளானது அதனால்தான். மூவிணைதிறக் குரோம் தொட்டி அவ்வளவு கொடியதல்ல. நிறத்தில் மட்டும் சற்றுக் கருமை தட்டும். பழைய சக்கரத்தின் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னும் உரியத் தொடங்காத சக்கரத்துக்குச் செய்ய வேண்டியது சொற்பம். சூடு ஆறியபின் கார் ஷாம்பூவில் கழுவி, இடுக்குகளில் தண்ணீர் தங்காமல் துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகு போட்டால் போதும். மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் ஓட்டினால் உள்பக்கத்தையும் அலச வேண்டும்; பலரும் மறப்பது அதைத்தான்.

உரிந்த சக்கரத்தை விற்றுவிடலாம் என்று பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு செய்தி காத்திருக்கும். முலாம் இல்லாத வெறும் அலுமினியச் சக்கரத்துக்கு ஒரு விலை, குரோம் போட்டதற்கு அதைவிடக் குறைந்த விலை. உருக்கும்போது நிக்கலும் செம்பும் கலந்து அலுமினியத்தைக் கெடுத்துவிடும் என்று கழித்துத்தான் எடைபோடுவார்கள்.