பண்டேலில் இல்லாத பண்டேல் சீஸ்

பண்டேல் ஸ்டேஷனில் இறங்கி டோட்டோ பிடித்தேன். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். மாதா கோயில் போகும் வழியில், "பண்டேல் சீஸ் எங்கே கிடைக்கும்?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்ற பெண்ணுக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் நாலு மிட்டாய்க் கடைகளில் ஏறி இறங்கினேன். சந்தேஷ் இருந்தது, ரசகுல்லா இருந்தது, மண்சட்டியில் மிஷ்டி தோய் இருந்தது. ஊர்ப் பெயரைத் தாங்கிய சீஸ் மட்டும் அந்த ஊரில் இல்லை.

இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தது ஓர் ஆம்லெட். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் என் நண்பருடையது. மார்கழிக் குளிரில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் வந்த ஆம்லெட்டின் மேல் தவிட்டு நிறத்தில் எதையோ உதிர்த்துப் போட்டிருந்தார்கள். வாயில் வைத்ததும் முதலில் உப்பு தெரிந்தது. அப்புறம் விறகடுப்புப் புகை. மென்று முடிக்கும்போதுதான் பால். நண்பர் உள்ளே போய் ஊறவைக்காத ஒன்றை எடுத்து வந்து கையில் கொடுத்தார். சின்ன வெல்ல அச்சு அளவு இருக்கும். வெளியே பழுப்பு, கிள்ளிப் பார்த்தால் உள்ளே வெளுப்பு. முந்தின ராத்திரியே தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும் என்றார். பாலைத் திரித்து, வடித்து, அச்சில் வைத்து, உப்பிட்டு, புகையில் காட்டிய சீஸ். புகை காட்டாத வெள்ளை வகையும் உண்டு.

பெயருக்குப் பின்னால் போர்த்துக்கீசியர்கள் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஹூக்ளி ஆற்றங்கரையில் அவர்கள் குடியேறினார்கள். 'பந்தர்' என்ற துறைமுகச் சொல்தான் பண்டேல் ஆனது என்பார்கள். அவர்கள் கட்டிய மாதா கோயிலின் தொடக்கம் 1599. ஷாஜகானின் படை 1632இல் ஹூக்ளியை முற்றுகையிட்டுப் பிடித்தபோது அந்தக் கோயில் அழிந்தது. ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைப்பிடித்து ஆக்ராவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று நிற்கும் கோயிலின் ஆண்டு 1660. போர்த்துக்கீசியர் வீட்டுச் சமையலறைகளில் இருந்த, அரக்கான் பக்கத்து மோக் சமையல்காரர்கள் கையில்தான் இந்த சீஸ் வங்காளத்துச் சரக்காயிற்று என்று சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பால் திரிந்தால் நம் வீடுகளிலேயே முகம் வாடும். வேண்டுமென்றே பாலைத் திரிப்பது இந்த நாட்டில் பல இடங்களிலும் ஆகாத காரியமாக இருந்தது. திரித்த பாலை வடித்தெடுக்கும் 'சானா' வங்காளத்து இனிப்புகளுக்கு அடிப்படை ஆனதற்கு போர்த்துக்கீசியரின் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆசயா எழுதியிருக்கிறார். ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த பிரெஞ்சுப் பயணி பெர்னியர், வங்காளத்தில் போர்த்துக்கீசியர் வாழும் ஊர்களில் இனிப்புகள் நன்றாக இருக்கும் என்று குறித்து வைத்திருக்கிறார். அப்படியானால் ரசகுல்லாவும் இந்த உப்புச் சீஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று ராஜாவாகிவிட்டது. மற்றதைச் சொந்த ஊரே மறந்துவிட்டது.

நண்பரின் அலுவலகத் தோழர் ஒருவருக்கு மாமியார் வீடு பாங்குரா மாவட்டத்தில் கோதுல்பூர் பக்கம். இப்போது இந்த சீஸ் அந்தப் பக்கத்திலும் ஹூக்ளி மாவட்டத்துத் தாரகேஸ்வரம் பக்கத்திலும்தான் உருவாகிறது. அவர் போனில் சொல்லிவைக்க, ஹவுராவில் விடியற்காலை ரயில் ஏறினோம். தாரகேஸ்வரம் தாண்டி ஆரம்பாகில் இறங்கி பஸ். வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயல். பஸ்ஸை விட்டு இறங்கியும் வயல் வரப்பில் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்கவில்லை. புகை வாசனை வழி சொல்லிவிட்டது.

எழுபதை நெருங்கும் அம்மாள் ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நண்பர் "மாசிமா", அதாவது சித்தி, என்று கூப்பிட்டார். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை "பாபா" என்றார். மகனைப் போன்றவனை வங்காளத்துத் தாய்மார்கள் அப்படித்தான் அழைப்பார்கள். மகனும் மருமகளும் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பசும்பால். பொங்கி இறக்கி, சற்று ஆறியதும் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிக்கிறார்கள். துணியில் கட்டி வடிப்பது பனீர் செய்கிற எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் மாசிமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு முன்னால் மண்கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. உள்ளங்கையில் ரெண்டு வைக்கலாம், அவ்வளவு சின்னது. அடியில் மூன்று துளை, சுற்றிலும் ஊசி போகிற அளவில் ஏழெட்டுத் துளை. சூடு ஆறாத சானாவைக் கிள்ளி எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, கட்டைவிரலால் ஒரு சுற்று அழுத்துகிறார். துளைகளில் நீர் முத்து முத்தாக வெளியே வருகிறது. அந்த முத்து சொட்டாகி விழும்வரை பார்க்கிறார். விழுந்த பிறகுதான் அடுத்த கிள்ளு. ஓங்கி அழுத்தினால் நீரோடு கொழுப்பும் போய்விடும், சீஸ் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். மெதுவாக அழுத்தினால் உள்ளே நீர் தங்கிப் புளித்துவிடும். எவ்வளவு அழுத்தவேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் கட்டைவிரலைப் பிடித்துக் கிண்ணத்தில் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். தூங்குகிற குழந்தையின் உச்சந்தலையைத் தொடுகிற அளவு அழுத்தம். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கிண்ணங்கள் ஒரு காலத்தில் அந்த வீட்டில் நூற்றுக்கு மேல் இருந்தன. அன்று எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு. செய்து கொடுத்த குயவர் இறந்துவிட்டார். அதே மாவட்டத்தில்தான் பாஞ்ச்முடா இருக்கிறது, மண்குதிரைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே சொல்லி அனுப்பினார்களாம். ஒரு குதிரை விற்கிற விலைக்கு இந்தக் கிண்ணம் எத்தனை செய்வது, யார் செய்வார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. மீதித் தேவைக்கு மகன் பிளாஸ்டிக் கப்புகளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு வைத்திருக்கிறார். மாசிமா அவற்றைத் தொடுவதில்லை, மருமகளிடம் தள்ளிவிடுகிறார். இரண்டிலும் வடிந்ததைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிளாஸ்டிக்கில் இருந்தது பளபளவென்று ஈரமாக இருந்தது. மண்ணில் இருந்ததற்குப் பூத்த தோல். துளையால் வெளியேறாத ஈரத்தையும் மண் குடித்துவிடுகிறது. அந்தத் தோல்தான் புகையைப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

புகையறை என்பது சாணி மெழுகிய சின்ன மண்கூடு. உள்ளே மூங்கில் தட்டு, கீழே வறட்டியும் விறகும். தீ எரியக்கூடாது, கனியவேண்டும். ராத்திரி கண்விழித்து அதைப் பார்த்துக்கொள்வது மகனின் வேலை. நாங்கள் இருட்டுமுன் கிளம்பிவிட்டோம்.

மாசிமா பதினாறு வயதில் மருமகளாக வந்தவர். மாமனார்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர் திருமணமாகி வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, 1965இல், பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி சானா இனிப்புகளுக்கு மேற்கு வங்க அரசு தடை போட்டது. மிட்டாய்க் கடைகள் தவித்த அந்த நாட்களைப் பற்றி மாமனார் சொன்னவை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணவர் வாரம் ஒருமுறை, மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, சீஸை அடுக்கி, பஸ்ஸில் தாரகேஸ்வரம் போய், அங்கிருந்து லோக்கல் ரயிலில் ஹவுரா போய், பாலத்தைக் கடந்து நியூ மார்க்கெட்டில் தன் கையால் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கி வருவார். திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கேக் துண்டு வாங்கி வருவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கை நின்றது.

கணவர் படுக்கையில் விழுந்ததும் அந்தப் பயணம் நின்றது. வாசலுக்கே 'பைக்கார்' வந்தார். மொத்தமாக வாங்கிப் போகும் தரகருக்கு அங்கே அந்தப் பெயர். முதலில் அது உதவியாகத்தான் இருந்திருக்கிறது. இன்று விலை சொல்வது அவர். பணம் தருவது அடுத்த நடைக்கு. வழியில் உடைந்தவை என்று அவர் சொல்லும் கணக்கை இவர்கள் பார்க்கவே முடியாது, அது கழிந்துதான் காசு வரும். நான் கொல்கத்தாவில் ஒன்றுக்குக் கொடுத்த விலையை நண்பர் சொன்னார். மகன் நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டார். மாசிமா எதுவும் சொல்லவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. 10 லிட்டர் பசும்பாலில் சானா ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள்தான் தேறும். அதே சானாவை மிட்டாய்க் கடைக்குக் கொடுத்தால் அன்றே கையில் காசு. சீஸ் ஆக்கினால் உப்பு, விறகு, ராத்திரி விழிப்பு, உடைசல், பிறகு ஒரு வாரக் காத்திருப்பு. இத்தனையும் தாங்குகிறவருக்கு, கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவரை விடக் குறைவாகக் கிடைப்பது எந்த நியாயம்? பெரிய ஹோட்டல்களின் உணவுப் பட்டியலில் இன்று பண்டேல் சீஸ் இருக்கிறது. பாலாடையும் கீரையும் கலந்த தட்டில் அதைச் சீவிப் போட்டு, போர்த்துக்கீசியர் காலத்துப் பாரம்பரியம் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். கோதுல்பூர் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுத எத்தனை மை செலவாகும்? வங்காளத்து ரசகுல்லாவுக்கு 2017இல் புவிசார் குறியீடு வந்தபோது மாநிலமே கொண்டாடியது. யாதவ்பூர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பண்டேல் சீஸையும் ஆராய்ந்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் குறியீடு ஊர்ப் பெயருக்கு மட்டும் வந்து, விலை சொல்லும் உரிமை பைக்காரிடமே இருந்தால் மாசிமாவின் முற்றத்தில் ஒன்றும் மாறாது. நாலு வீடுகள் சேர்ந்து ஓர் ஆளை ரயிலேற்றி நேரே கொல்கத்தாவுக்கு அனுப்பினால் மாறும். அவர் கணவர் செய்தது அதுதானே.

கிளம்புமுன் சாப்பிடச் சொன்னார். பாங்குராவில் எந்த நேரத்துக்கும் முடி, அதாவது பொரி. உடைந்துபோன சீஸ் விற்பனைக்கு ஆகாது, வீட்டுக்குத்தான். காலையிலேயே ஊறப்போட்டிருந்ததைப் பிழிந்து, பொரியில் உதிர்த்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தார். பொரி நமுத்துப்போகுமுன் தின்ன வேண்டும். புகையும் கடுகெண்ணெய்க் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. ஆம்லெட்டை விட அதுதான் இந்த சீஸுக்கு ஏற்ற துணை என்பது என் தீர்ப்பு.

கொல்கத்தா போகிறவர்கள் லிண்ட்சே தெருவில் இருக்கும் நியூ மார்க்கெட்டுக்கு எப்படியும் போவீர்கள். 1874இல் திறந்த ஹாக் மார்க்கெட் அது. நாஹூம் பேக்கரியில் கேக் வாங்கிவிட்டு, சீஸ் கடை எங்கே என்று கேளுங்கள். ஜான்சன், மல்லிக் என்று இரண்டு பழைய கடைகளைக் கைகாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வெள்ளையில் நாலு, புகைபோட்டதில் நாலு வாங்குங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும், ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் நல்லது. பீட்சாவில் உருகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரென்னெட் போட்டு உறையவைத்த சீஸ்தான் அப்படி இழுபடும், எலுமிச்சையில் திரிந்த இது உதிரத்தான் செய்யும். வெள்ளையை ரொட்டியில் தடவலாம். புகைபோட்டதைத் தக்காளி மேல், சூடான சாதத்தின் மேல், பொரியில் உதிர்க்கலாம்.

வாங்கும்போது ஒரு கேள்வி மட்டும் தவறாமல் கேளுங்கள்: "இது எந்த ஊரில் செய்தது, யார் செய்தது?"